வாளிக்குள் செம்புச் சுருள்

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. கடைக்கு வந்துபோகும் ஏசி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அவள் தராசுதான். "தராசு இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் படி ஏறுவார்கள். முதலில் கோபம் வந்தது. போகப்போகப் பழகிவிட்டது. கடைசியில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடும் அளவுக்கு ஆகிப்போனது.

கடை அவளுடைய சித்தப்பாவுடையது. ரயில்பெட்டி மாதிரி நீளமான, குறுகலான இடம். இரண்டு பக்கமும் கூரைவரை அலமாரி. செம்புக் குழாய், ரப்பர் ஹோஸ், விசிறி மோட்டார் என்று ஏசி வேலைக்கு வேண்டிய சகலமும் அங்கே கிடைக்கும். உள்ளே நுழைந்தாலே எண்ணெயும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். கடைக்குப் பின்பகுதியில் ஒரு பெரிய எடை மேடை. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்தவளைச் சித்தப்பா அழைத்துவந்து உட்காரவைத்தது அந்த ஸ்டூலில்தான்.

வேலை இதுதான். பழைய ஏசியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ஒரு மெஷினைப் போட்டு அதை இழுத்து, காலி சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த மெஷின் விலை கூடியது என்பதால் சொந்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு. சித்தப்பா கடையில் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் மெஷினையும் காலி சிலிண்டரையும் வாங்கிப் போகிறவர்கள், சாயங்காலம் இரண்டையும் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவள் சிலிண்டரை எடை பார்த்து வாங்கிவைப்பாள். முக்கால் பங்கோடு நிறுத்தாமல் பேராசைப்பட்டு முட்ட முட்ட அடைத்துக்கொண்டு வந்தவனை அவள் சும்மா விடமாட்டாள். "இதை வெயில்ல வச்சிருந்தா வெடிச்சிருக்கும். உங்க வீட்ல சொல்லிட்டுதான் வந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். மீசை முறுக்கிய ஆள்கூட அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்வான்.

சாயங்காலம் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வேலை கடினம் என்பதைவிடக் காத்திருப்பதுதான் கடினம். மெஷின் கேஸை இழுத்து அமுக்கும்போது அது கொதிக்கும். கொதிக்கிற கேஸ் உள்ளே போகப் போகச் சிலிண்டர் சூடாகும். சூடானால் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் மெஷின் மூச்சுமுட்டித் தானாக நின்றுவிடும். ஆறும்வரை உட்கார்ந்திருந்து மறுபடி போட வேண்டும். மொட்டைமாடி வெயிலில் நாள் முழுக்க இதே கதை. வருகிறவர்கள் எல்லோரும் அடுப்பிலிருந்து இறக்கியவர்கள் மாதிரி இருப்பார்கள்.

ஒருவன் மட்டும் மதியமே வந்தான்.

அவனை எல்லோரும் அவசரம் என்று கூப்பிட்டார்கள். நடக்கமாட்டான், ஓடுவான். டீயை ஊதிக் குடிக்கப் பொறுமை இல்லாமல் பச்சைத்தண்ணீர் கலந்து குடிப்பான். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்த சட்டை, பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பேனர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாக இருக்கும்போது சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எடைமேடையில் வைப்பான். எடை சரியாக இருக்கும். பிறகு போகாமல் நிற்பான். ஹோஸைச் சுற்றிவைப்பதுபோல ஏதாவது செய்துகொண்டு இன்றைக்கு வெயில் அதிகம் என்பான். அவள் ஆமாம் என்பாள்.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. சித்தப்பாவுக்கு உறுத்த ஆரம்பித்தது.

"எல்லாரும் பொழுது சாயறப்ப வர்றாங்க. இவன் மட்டும் எப்படிம்மா மத்தியானமே வர்றான்?" என்றார்.

"வேலை சீக்கிரம் முடியுது போல."

"எப்படி முடியும்? மெஷின் நம்ம மெஷின்தானே? அதுல ஒரு பாதுகாப்பு இருக்கு, அழுத்தம் ஏறினா தானா நிக்கிற மாதிரி. அதை அத்துவிட்டுட்டு ஓட்டுறானோ என்னமோ. அப்படி ஓட்டினா மெஷினும் போகும், ஆளும் போவான்."

மெஷினைத் திருப்பிப் பார்த்தார்கள். திருகாணிமேல் அடையாளத்துக்கு வைத்திருந்த பெயிண்ட் அப்படியே இருந்தது. யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு மனம் ஆறவில்லை. நேரில் போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் அவருடைய தொப்பையை எந்த ஏணியும் நம்பாது. "நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா. ஹோஸ் கொடுக்க வந்தேன்னு சொல்லு" என்று அனுப்பினார்.

அன்றைக்கு அவனுக்கு ஒரு துணிக்கடையின் மாடியில் வேலை. அவள் இரும்பு ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பூனைகள். ஒரு பிளாஸ்டிக் வாளியின் இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி உட்கார்ந்து, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. கிட்டே போய்த் தோளைத் தட்டினாள். அவன் துள்ளிக் குதித்துவிட்டான்.

"என்ன இது?" என்று வாளியைக் காட்டிக் கத்தினாள்.

"என்னது?"

"இது என்னன்னு கேட்டேன்!"

"ஐஸ்!" என்றான் அவனும் கத்தி. "மீன் கடையில வாங்கினது! அதான் பூனை வந்திருக்கு!"

வாளி நிறைய ஐஸ் தண்ணீர். அதற்குள் செம்புக் குழாயைப் பாம்பு சுருண்டு படுத்த மாதிரி வளைத்து வளைத்து இறக்கியிருந்தான். சுருளின் ஒரு முனை மெஷினிலிருந்து வந்தது, மறுமுனை சிலிண்டருக்குப் போனது. கொதிக்கிற கேஸ் இந்தச் சுருளுக்குள் சுற்றி வருவதற்குள் ஐஸ் அதன் சூட்டையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும். கேஸ் குளிர்ந்து தண்ணீர்போல் ஆகிச் சிலிண்டருக்குள் இறங்கும். சிலிண்டர் சூடாகாது, மெஷின் நிற்காது. இவ்வளவையும் அவன் கையை ஆட்டி ஆட்டிக் கத்திச் சொன்னான்.

"தொட்டுப் பாருங்க! மெஷின் பக்கம் ஒரு கை, சிலிண்டர் பக்கம் ஒரு கை!"

அவள் தொட்டாள். இடது கையில் சுரீர் என்று சுட்டது. வலது கையில் குளிர்ந்தது. இரண்டையும் எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்தாள். பல வருடம் கழித்துக்கூட அந்த நாளை நினைத்தால் முதலில் நினைவு வருவது அவன் முகம் இல்லை, இந்தச் சூடும் குளிரும்தான்.

"எப்படி இவ்வளவு அழகா வளைச்சீங்க?"

"எங்க அம்மாவோட பால் பாத்திரத்து மேல சுத்தினேன்! சுருள் நல்லா வந்துச்சு, பாத்திரம் நெளிஞ்சு போச்சு! இன்னும் அம்மாவுக்குத் தெரியாது!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்கவந்ததைக் கேட்டாள்.

"இவ்வளவு அவசரமா முடிச்சுட்டு அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

அவன் வாளியைப் பார்த்தான். பூனையைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். பிறகு, அந்த இரைச்சலில் கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும் என்பதுபோல, "சாயங்காலம் வந்தா வரிசையில ஆள் நிப்பாங்க. உங்ககூட ஒரு வார்த்தை பேச முடியாது" என்றான்.

அவளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி ஏணியில் இறங்கினாள்.

சித்தப்பாவிடம், "மெஷினை ஒன்னும் பண்ணல சித்தப்பா. ஐஸ் வாளிதான்" என்று நடந்ததைச் சொன்னாள். பின்பாதியைச் சொல்லவில்லை. அவர் வாயைப் பிளந்து கேட்டார். வியாபாரி அல்லவா? கடையில் கிடந்த குழாயை எடுத்து அன்றே நாலைந்து சுருள் வளைக்கச் சொன்னார். வாடகைக்குப் போகும் ஒவ்வொரு மெஷினோடும் ஒரு சுருளும் ஒரு வாளியும் சேர்ந்து போனது. மெக்கானிக்குகள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

யோசனை கண்டுபிடித்த அவசரத்துக்குத்தான் வந்தது வினை. இப்போது எல்லோருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. எல்லோரும் மதியமே வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் ஊசி குத்த இடமில்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. அந்த வரிசையின் நடுவில், தோளில் சிலிண்டரோடு, திருவிழாக் கூட்டத்தில் பர்ஸைத் தொலைத்தவன் மாதிரி அவசரம் நின்றான். அவன் முறை வந்தபோது எடை பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். "வெயில்..." என்று அவன் வாயெடுத்தான். பின்னால் நின்றவன் சிலிண்டரால் இடித்தான்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ராத்திரி படுத்தபின் நினைத்துச் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிப்பு குறைந்துபோய், மதியம் எப்போது வரும் என்று காத்திருப்பது மட்டும் மிஞ்சியது.

ஒருநாள் அவன் பொறுமை போயிற்று. சிலிண்டரை மேடையில் வைத்தான். முள் ஆடி நிற்பதற்குள், "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றான்.

வரிசையில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். சித்தப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவளுக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற மீசைக்காரர்தான் வாயைத் திறந்தார். "பதிலைச் சீக்கிரம் சொல்லுங்க தராசு. எனக்கு இன்னொரு இடத்துல வேலை இருக்கு."

"எடை சரியாத்தான் இருக்கு" என்றாள் அவள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "எடுத்துக்கலாம்."

வரிசை முழுக்கக் கைதட்டியது. சித்தப்பா மட்டும், "என்கிட்ட யாராவது கேட்டீங்களாடா?" என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார். ஆனால் கல்யாணத்துக்கு மெஷின் ஒன்றைச் சீர்வரிசையாகக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த மெஷினையும் பழைய வேன் ஒன்றையும் வைத்துக்கொண்டு இருவரும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் மாடிமாடியாக ஏறினாள். ஹோஸ் பூட்டுவது, முறுக்குவது, அழுத்தம் பார்ப்பது எல்லாம் ஒரு வருடத்துக்குள் கைவந்தது. எடை மட்டும் அவனை நம்பி விடமாட்டாள். அவள்தான் பார்ப்பாள்.

முதல் வருடத்திலேயே ஒரு பெரிய சண்டை வந்தது. காரணமும் அந்தச் சுருள்தான்.

ஏசிக்கு ஏசி கேஸ் வேறு. ஒரு வேலை முடிந்தபின் சுருளுக்குள் கொஞ்சம் கேஸ் தங்கிவிடும். அதே சுருளை வேறு கேஸுக்குப் போட்டால் இரண்டும் கலந்துபோகும். அதனால் அவள் இரண்டு சுருள் வைத்து, ஒன்றில் சிவப்புத் துணியும் இன்னொன்றில் நீலத் துணியும் கட்டியிருந்தாள். அவன் அவசரத்தில் சிவப்பை எடுக்க வேண்டிய இடத்தில் நீலத்தை எடுத்துப் பூட்டிவிட்டான். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். இழுத்த கேஸை வாங்கிச் சுத்தம் செய்யும் கிடங்கில் சோதித்துப் பார்த்துவிட்டு, சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிடங்கு மேலாளர் முன்னால் கைகட்டி நின்றது அவள்தான்.

"கட்டின துணி கண்ணுக்குத் தெரியலையா? அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று வேனில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"ஒரு தடவை மாறிடுச்சு. ஊர்ல நடக்காததா?"

"என் கையில வந்த சிலிண்டர் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

"ஆமா, நீ தராசு. நாங்கல்லாம் வெறும் எடைக்கல்லு."

அத்தோடு பேச்சு நின்றது. வீட்டிலும் பேச்சில்லை, வேனிலும் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நங்கென்று பேசியது. இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்கள். ஓட்டுகிறவன் எப்படித் திருப்பினான் என்று கேட்டால், அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

நாலைந்து நாள் கழித்து ஒரு தங்கும் விடுதியின் மாடியில் வேலை. பக்கத்தில் விடுதிப் பெண்கள் கொடி நிறைய வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஓடியது. வாளியில் ஐஸ் கரைந்துகொண்டே வந்தது. அவள் பார்த்தாள், சொல்லவில்லை. அவனும் பார்த்தான், சொல்லவில்லை. அவன் சொல்லட்டும் என்று அவளும், அவள் சொல்லட்டும் என்று அவனும் இருந்தார்கள். ஐஸ் யாருக்காகவும் காத்திருக்காமல் தண்ணீராகிப் போனது.

அப்போது அவன் மெஷினைத் தாண்டி அவள் பக்கம் வந்தான். ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கையால் காட்டினாள். அவன் மூச்சை இழுத்து, உள்ளதையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"தப்பு என்மேலதான்! நீ பேசாம இருந்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது!"

'தப்பு' என்று அவன் தொடங்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 'நீ' என்னும்போது சூடு தாங்காமல் அது நின்றுவிட்டது. மீதி முழுக்க, நிசப்தத்தில், அந்தத் தெருவுக்கே கேட்டது. எதிர்க்கட்டடத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. விரிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அதான் அந்த மனுசன் இவ்வளவு சொல்றாருல்ல? பேசிடும்மா" என்றாள் அந்த அம்மாள்.

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் அவன் தவித்தான். அவளுக்கே தெரியவில்லை. கடைசியில், "போய் ஐஸ் வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் ஏணியில் இறங்கவில்லை, விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன்பின் எத்தனை மாடிகள்! அவர்களுடைய வாழ்க்கையின் முக்கியமான பேச்செல்லாம் மெஷின் இரைச்சலுக்கு மேலேதான் நடந்தது. அவள் வயிற்றில் குழந்தை இருப்பதை ஒரு அச்சகத்தின் மாடியில் கத்திச் சொன்னாள். அவன் இரண்டு தடவை "என்னது?" என்று கேட்டான். மூன்றாவது தடவை காதில் விழுந்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வாளிக்குள் போட்டுவிட்டான். மகளுக்குப் பெயர் தேடியதும் மாடியில்தான். அவன் அம்மா இறந்த மாதத்தில், ஒரு மதியம் முழுக்க அவன் அந்த நெளிந்த பால் பாத்திரத்தைப் பற்றியே பேசினான். அம்மாவுக்கு அது முதல்நாளே தெரியுமாம். "பையன் ஏதோ பண்றான், பண்ணட்டும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதும் அவன் கத்தித்தான் சொன்னான். கத்திக்கொண்டே அழுதான்.

வேலை முடிந்து சுருளை வெளியே எடுத்ததும் வாளியில் மிச்சம் இருக்கும் ஐஸ் தண்ணீரை அவர்கள் கொட்டமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் வாளியை இழுத்துப் போட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, காலை உள்ளே விடுவார்கள். நாலு கால் நுழைய இடம் இருக்காது. ஒருவர் கால்மேல் ஒருவர் கால் இருக்கும். லேசாக மீன் நாறும். உள்ளங்காலில் ஏறும் அந்தக் குளிர் மெல்ல உச்சந்தலைவரை வரும். அந்தப் பத்துப்பதினைந்து நிமிடத்தில் அவசரம்கூட அவசரப்பட்டதில்லை.

இப்போது அவர்களிடம் இருப்பது புது மெஷின். உள்ளேயே பெரிய விசிறியும் குளிர்விக்கும் அமைப்பும் உண்டு. ஐஸும் வேண்டாம், வாளியும் வேண்டாம். அது வந்த நாளில் அவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள். மாடிக்கு ஐஸ் சுமந்து சுமந்து தோள்பட்டை தேய்ந்தது அவளுக்குத்தானே தெரியும்? பழைய சுருள்கள் இரண்டையும் சித்தப்பா மகனிடம் கொடுத்தாள். அவன் குழாயை வெட்டி வேறு எதற்கோ எடுத்துக்கொண்டான். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனாலும் கோடை மதியத்தில் வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போது சில நாள் உள்ளங்கால் எரியும். அப்போது மட்டும் ஒரு நிமிடம் நிற்பாள். அந்த வாளியின் குறுகலான வாயும், கணவனின் கட்டைவிரல் தன் பாதத்தின்மேல் அழுத்திக்கிடந்ததும் நினைவுக்கு வரும். பிறகு இறங்கிப் போய்விடுவாள்.

அவசரத்துக்கு வயதாகி முழங்கால் போயிற்று. அதோடு காதும் மந்தமானது. இத்தனை வருட மெஷின் இரைச்சல் சும்மா விடுமா? தொலைக்காட்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தான். மகள் போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "ஆமாமா, ஆமாமா" என்றான். பணம் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கும் ஆமாமா, நான் வந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கும் ஆமாமா. மகள்தான் பிடிவாதமாகக் காது பார்க்கும் இடத்துக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. அவர்கள் இருவரும் அதுவரை அவ்வளவு அமைதியான இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவன் மிரண்டுபோய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பரிசோதித்த பெண் மகள் வயதுதான் இருப்பாள். பட்டாணி அளவுள்ள கருவியை அவன் காதில் பொருத்திவிட்டு, அவளைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மா, நீங்க அவர் முகத்துக்கு நேரா நிக்காம, பின்னாடி நின்னு ஏதாவது பேசுங்க. மெதுவா பேசணும், சாதாரணமா வீட்ல பேசுற மாதிரி."

வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாக. அவள் அவன் பின்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவனிடம் மெதுவாகப் பேசிய ஞாபகமே அவளுக்கு இல்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது கத்தலாகத்தான் தொண்டைக்கு வந்தது. அவன் பின்னந்தலையைப் பார்த்தாள். முடி நன்றாக நரைத்து, கழுத்து வெயிலில் கறுத்துச் சுருங்கியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்று இதையும் பார்த்ததில்லை.

"சும்மா ஏதாவது கேளுங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

அவள் தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, "பசிக்குதா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"ஏன் இப்படிக் கத்துற?" என்றான்.